பீங்கான் வந்த வழி

“பேரு எங்கிட்டிருந்து வந்தா என்னத்தா? ஒடைஞ்சா குப்பைக்குத்தான போகுது.”

அப்பா இதைச் சொன்னது ராஸ் அல் கைமாவில், அவருடைய தொழிலாளர் கேம்ப்புக்கு எதிரே இருக்கிற மலையாளி கஃப்டீரியாவில். ஹோட்டல்களுக்கான வெள்ளைத் தட்டும் கோப்பையும் செய்கிற தொழிற்சாலையில் என் பிறப்புக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர் அவர். சூளையிலிருந்து சூட்டோடு வெளியே வரும் வண்டிகளில் இருந்து தட்டுகளை இறக்கி அடுக்குவதுதான் அவருடைய டூட்டி. கீறல் விழுந்து குப்பைக்குப் போனவை எத்தனையோ அவர் கையைத் தாண்டித்தான் போயிருக்கும். ஆகவே அந்தப் பேச்சில் அனுபவம் இருந்தது. எனக்குக் கோபம் வந்ததும் அதனால்தான்.

அன்று நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். ஜாவாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வருட மொழிப் படிப்பு இருக்கிறது. இந்தோனேசிய மொழியும் ஜாவானிய மொழியும் கற்றுத் தருகிறார்கள். எனக்கு இடம் கிடைத்திருந்தது. போக வேண்டுமென்றால் துபாய் வேலையை விட வேண்டும். அப்பாவோ விசாவைக் கேன்சல் செய்துகொண்டு, அந்த மாதக் கடைசியில் ஒரேயடியாக ஊருக்குப் போகிற நேரம். அவர் விமானம் ஏறுவதற்கு முன் அவர் வாயால் ‘போயிட்டு வா’ என்று கேட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கேட்காமலும் போயிருக்கலாம். எனக்கு வயது வந்துவிட்டது, சம்பாதிக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவள், கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீஸில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அந்தப் படிப்பு முழுக்க இந்தச் சூளையின் சூட்டிலிருந்து வந்தது. அவர் முகம் திருப்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஜாவா போய் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

“வேலை இருக்கு, ரூம் இருக்கு, ஒம் பேர்லயே பேங்க் கார்டு இருக்கு. இத விட்டுட்டு தட்டுக்குப் பேரு படிக்கப் போறேங்குற. ஊர்ல கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

“பொண்ணு ஆராய்ச்சி பண்ணுதுன்னு சொல்லுங்க.”

“ஆராய்ச்சி. தட்டுல.”

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேப்பர் கப்பை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சக் கடக் சாயாவைக் குடித்தார். அப்பா எங்கே போனாலும் பேப்பர் கப்பில்தான் குடிப்பார். கடைக்காரர் கண்ணாடி கிளாஸில் கொண்டுவந்து வைத்தால்கூட, “சேட்டா, பேப்பர் கப்பு” என்று மாற்றச் சொல்வார். சுத்தம் பார்க்கிற மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பீங்கான் விவகாரம் என் தலையில் ஏறியது ஷார்ஜாவில், என் அறையில்.

நானும் ஜாவாக்காரப் பெண் ஒருவரும் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நான் அவரை அக்கா என்பேன். அவர் மொழியில் அக்காவுக்கு ‘ம்பா’ என்று தெரிந்த பிறகு சில நாள் அப்படியும் கூப்பிட்டுப் பார்த்தேன், “நீ கூப்பிட்டா ஆடு கத்துற மாதிரி இருக்கு, அக்காவே போதும்” என்றுவிட்டார். நாங்கள் பேசுவது பாதி இந்தி, பாதி ஆங்கிலம், மிச்சம் கை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கொடுத்த செகண்ட் குவாலிட்டி தட்டு ஒன்று. ஓரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி, அதனால் கம்பெனி ஒதுக்கிவிட்டது. “பீங்கான்ல சாப்பிடுறேம்மா, பாரு” என்று தட்டைக் காமெராவில் காட்டினேன். பக்கத்துக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

“எங்க பழைய மேடம் மாதிரியே பேசுற.”

இங்கே வருவதற்கு முன் அவர் மலேசியாவில், ஜொகூரில் ஒரு வீட்டில் வேலை செய்திருக்கிறார். அந்த வீட்டு அம்மாள் மலாய்க்காரர். காலையில் எழுந்தது முதல் அவர் வாயில் ‘பாசோ பிங்கான், பாசோ பிங்கான்’தான். தட்டைக் கழுவு, தட்டைக் கழுவு. மலாயில் தட்டுக்கு ‘பிங்கான்’.

நான் அம்மாவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

“உங்க ஊர்ல, ஜாவாவுல என்ன சொல்வீங்க?”

“பீரிங். தினம் சாப்பிடுறது பீரிங். பிங்கான்னா எங்களுக்குப் பெரிய தட்டு. விசேஷத்துக்கு எடுக்கிற மாதிரி. ஸ்கூல் புத்தகத்துல வரும், வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க.”

அந்த இரவு எனக்கு ஒரு பெருமிதம். எங்கள் தட்டின் பெயர் கப்பலேறி மலாய் நாடு போயிருக்கிறது, ஜாவாவரை போயிருக்கிறது. ‘கப்பல்’ என்ற சொல்லும் மலாயில் இருக்கிறது, ‘கடை’ இருக்கிறது, ‘பெட்டி’ இருக்கிறது. இதெல்லாம் நாம் கொடுத்தவை. அந்த வரிசையில் பீங்கானையும் நிற்க வைத்துவிட்டேன். தமிழர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கணக்கைத்தான் முதலில் பேசுவோம். உலகத்துக்கு என்னென்ன கொடுத்தோம் என்பதை.

மறுநாள் அதை ஆபீஸில் சொன்னேன். நான் வேலை பார்ப்பது ஹோட்டல்களுக்குத் தட்டு, கரண்டி, கிளாஸ் விற்கும் ஒரு கம்பெனியில். முதலாளி கீழக்கரைப் பக்கத்துக்காரர். தராசில் போட்டால் ஒரு பக்கம் அவருடைய வியாபாரமும் மறுபக்கம் அவருடைய கிண்டலும் சமமாக நிற்கும்.

“பாய், பீங்கான் தமிழ்ச் சொல். மலாய்க்காரங்க நம்மகிட்ட வாங்கியிருக்காங்க.”

“அப்புடியா? எந்த இன்வாய்ஸ்ல வாங்குனாங்க, எடுத்துக் காட்டு புள்ள.” அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்க உம்மா வீட்டுல சோத்துத் தட்டுக்குப் பீங்கான்னுதான் சொல்லுவாங்க. கிண்ணத்துக்கு மங்கு. ரெண்டும் கப்பக்காரங்க கொண்டாந்த சாமான், கொண்டாந்த பேரு. நம்ம ஊர்ல சீனா மண்ணு ஏது? சாமான் எவன் கொண்டாந்தானோ பேரும் அவன்தான் கொண்டாந்திருப்பான்.”

மங்கு. அறைக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். கிண்ணத்துக்கு ஜாவாவில் ‘மங்கோக்’ என்றார். மலாயிலும் அப்படித்தான். மங்கு அங்கிருந்து வந்ததென்றால் பீங்கானும் அப்படி வந்திருக்கலாம். நான் அடுக்கி வைத்த வரிசையில் ஒன்று சரிந்தது.

பிறகு அகராதிகளைத் தேடத் தொடங்கினேன். கல்லூரியில் நான் படித்தது பி.காம். ஆனால் அங்கே நூலகத்தில் தடித்தடியான அகராதிகள் இருக்கும் மூலைதான் என் இடம். எங்கள் வீட்டில் ஒரு புத்தகமும் கிடையாது. ஒரு மொழியில் உள்ள எல்லாச் சொற்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது எனக்கு அப்போது பெரிய அதிசயம். இப்போது அவை போனிலேயே கிடைக்கின்றன. ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் பஸ் நெரிசலில் நின்றால், ஓர் எழுத்து முழுக்கப் படித்துவிடலாம்.

படித்ததில் தெரிந்தது இது. பாரசீகத்தில் ‘பிங்கான்’ என்று ஒரு சொல். கிண்ணம் என்று பொருள். வயலுக்கு இவ்வளவு நேரம் தண்ணீர் விடலாம் என்று அளக்க, அடியில் துளையிட்ட ஒரு கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தைக் கணக்கு வைப்பார்களாம். அதற்கும் அதுவே பெயர். அந்தச் சொல்தான் அரபுக்குப் போய் ‘ஃபிஞ்சான்’ ஆகியிருக்கிறது. அரபு மொழியில் ‘ப’வும் இல்லை, ‘தங்கம்’ என்பதில் வருகிற ‘க’வின் ஒலியும் இல்லை. காப்பி குடிக்கிற கைப்பிடியில்லாத சின்னக் கோப்பைக்கு இங்கே எல்லாரும் ஃபிஞ்சான் என்கிறார்கள். நாங்கள் அதைப் பெட்டி பெட்டியாக விற்கிறோம். எத்தனை இன்வாய்ஸில் அந்தச் சொல்லை நானே அடித்திருக்கிறேன். ஒரு தடவையும் பீங்கான் நினைவுக்கு வந்ததில்லை.

அதே சொல் கிழக்கே மலாய்க்குப் போய்த் தட்டாகியிருக்கிறது. பழைய ஜாவானிய நூல்களிலும் அது தட்டு, தாம்பாளம் என்ற பொருளில் வருகிறது. எங்கள் ஆபீஸில் ஸ்டோர் பார்க்கும் சிங்களவரிடம் கேட்டேன். அவர்கள் வீட்டிலும் தட்டுக்கு ‘பிங்கான’. நாம் அந்தச் சொல்லைத் தட்டுக்கு வைத்து, பிறகு அந்த மண்ணுக்கே பெயராக்கிவிட்டோம்.

முதலில் வருத்தமாக இருந்தது, கொடுத்தவர்களின் வரிசையிலிருந்து இறங்குவது. இரண்டு நாளில் அது போய், வேறொன்று வந்தது. இந்தச் சொல் நமக்கு மேற்கிலிருந்து நேராக வந்ததா, அல்லது கிழக்கே போய்ச் சுற்றிக்கொண்டு, சாமானோடு சேர்ந்து திரும்பி வந்ததா? அகராதிகள் பாரசீகம் என்று போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் தேடிப் பார்க்கலாம். எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாமல் ஓர் எழுத்தின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பதை எங்கள் வீட்டில் எல்லாருடைய முகத்திலும் பார்த்திருக்கிறேன். நான் அப்படி நிற்பதாக இல்லை. அப்படித்தான் அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தேன்.

இதையெல்லாம் கஃப்டீரியாவில் அப்பாவிடம் சொல்லி முடித்தபோதுதான், ஒடைஞ்சா குப்பைக்குத்தான போகுது என்றார்.

அடுத்த வாரம் அவருடைய கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போடுகிற நாள். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும், படிக்க வராது. எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று நான் படித்துச் சொல்வதற்காக லீவு எடுத்துக்கொண்டு போனேன். தொழிற்சாலை ஆபீஸுக்குள் அவர் அதற்கு முன் போனது ஒன்றிரண்டு முறைதான்; அதுவும் கவுன்டர் வரைக்கும். அன்று கவுன்டரில் ஆள் இல்லாததால் எங்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே வயதான எமிராத்தி அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் நீள சோபா. பெஷாவர்க்காரர் ஒருவர் இடது கையில் காப்பிக் குடுவையும் வலது கையில் அடுக்கிய ஃபிஞ்சான்களுமாக நின்றுகொண்டிருந்தார். நாங்கள் போனபோது அதிகாரி குடித்து முடித்து, ஃபிஞ்சானை இரண்டு விரலால் லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். போதும் என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். ஆட்டாமல் நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பெஷாவர்க்காரர் அதே ஃபிஞ்சானில் அப்பாவுக்கு ஊற்றி நீட்டினார்.

அப்பா வாங்கவில்லை. வேண்டாம் என்பதற்கு “மாஃபி, மாஃபி” என்று நெஞ்சில் கை வைத்தார்.

“தஃபத்தல்” என்றார் அதிகாரி. எடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்வது. அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வாங்கிக் குடித்தார். ஆட்டத் தெரியாததால் பெஷாவர்க்காரர் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தார். மூன்றாவது முறை குடுவை சாய்ந்தபோது, ஃபிஞ்சானைக் கையால் மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“தண்ணி எங்கிட்டுத்தா இருக்கு?” என்று என் பக்கம் குனிந்து கேட்டார்.

“எதுக்குப்பா?”

“கழுவி வைக்கணும்ல.”

பெஷாவர்க்காரர், “க்யா ஹுவா, பாய்?” என்றார், என்ன ஆயிற்று என்று. அவர் இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பது போல அப்பாவின் கையிலிருந்து ஃபிஞ்சானை வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, பேப்பரைப் படித்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிராமலே இன்னொரு வாய்க்குக் கையை நீட்டினார். அப்பா குடித்த அதே ஃபிஞ்சானில் ஊற்றிக் கொடுத்ததை அவர் வாங்கினார். குடித்தார். கையெழுத்துப் போட்டார். பேப்பரை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

அப்பா மெதுவாக சோபாவில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். அவர் தன் பெயரை எழுதினார்.

வெளியே டாக்ஸியில் ஏறிய பிறகுதான் கேட்டேன். “ஊர்க் கடை ஞாபகமாப்பா?”

“ம்.”

அம்மா சொல்லிக் கொஞ்சம் கேட்டிருக்கிறேன். ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று காது உடைந்த பீங்கான் கோப்பைகளைத் தட்டியில் தனியாக மாட்டி வைத்திருப்பார்களாம். நாமே எடுத்து, குடித்து, கழுவி, மாட்டிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அது பழைய செய்தி. நான் பள்ளிக்கூடம் போகும்போது அந்தக் கடையில் எல்லாருக்கும் பேப்பர் கப் வந்துவிட்டது. பேப்பர் கப்பைக் கழுவ வேண்டியதில்லை. அப்பா ஏன் அதையே கேட்கிறார் என்பது இத்தனை வருஷம் கழித்து, அந்த டாக்ஸியில்தான் எனக்கு உறைத்தது.

“அவரு எச்சின்னு பாக்கலயே” என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே.

“இங்க வழக்கம் அப்படித்தாம்பா. ஒரே ஃபிஞ்சான் எல்லாருக்கும் சுத்தி வரும்.”

சிமென்ட் ஆலைகளின் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

“அதத்தான அன்னைக்குச் சொன்ன? பீங்கானும் அதுவும் ஒரே பேருன்னு.”

“ஆமாப்பா.”

“அது கப்பு. பீங்கான் தட்டு. கப்பு எப்புடித் தட்டாச்சு?”

“அதாம்பா தெரியல. மலாய்க்காரங்ககிட்ட தட்டு, ஜாவாவுல பெரிய தட்டு, நம்மகிட்டயும் தட்டு. இந்தப் பக்கம் மட்டும் கப்பு. அந்தப் பக்கம் போய்த்தான் மாறியிருக்கணும்னு தோணுது. அப்படின்னா நமக்கு அங்கேருந்துதான் வந்திருக்கும். ஆனா எழுத்துல பாக்காம சொல்லக் கூடாது.”

“அந்தூரு பாச கஷ்டமா?”

“ஜாவா பாஷை கஷ்டம்தான். யாரு சாப்பிடுறாங்கங்கிறத வச்சு, சாப்பிடுறதுக்கே வேற வேற சொல்லு. பெரியவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு.”

“அங்கயும் அப்புடித்தானா” என்றார். பிறகு டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நானும் சிரித்தேன்.

கேம்ப் வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கப்பு எப்பத் தட்டாச்சுன்னு பாத்துட்டு வா. பாத்துட்டு எனக்குச் சொல்லணும். சும்மா ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு அங்கயே இருந்துறக் கூடாது.”

போயிட்டு வா என்ற சொல் அதில் இல்லை. இருந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு அனுப்பும் கார்கோ பெட்டியை அவர் கட்டியபோது நான் கூட இல்லை. அம்மாதான் போனில் குறைபட்டுக்கொண்டாள். “எல்லாரும் கம்பளி, பால்பவுடர்னு போடுவாக. இந்த மனுசன் கைலில சுத்திச் சுத்தித் தட்டாப் போட்டு வச்சிருக்காராம். நம்ம வீட்டுல எவர்சில்வர் இல்லையா? ஒடையுற சாமான் எதுக்கு?” அப்பாவிடம் கேட்டதற்கு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டீ கொடுக்கக் கோப்பையும் வைத்திருப்பதாகச் சொன்னார். கைப்பிடி உள்ளதா, இல்லாததா என்று கேட்டேன். ரெண்டும் என்றார்.

விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன், அங்கிருந்த காப்பிக் கடையில் இரண்டு டீ வாங்கினேன். அந்தக் கடையில் தடித்த வெள்ளைக் கோப்பைதான் கொடுக்கிறார்கள். அப்பா கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்க்கப் போனார். டீ இருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். குடித்து முடித்த பிறகு பார்த்தார். “நம்ம கம்பெனி இல்ல” என்று மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

முதலாளியிடம் ராஜினாமாவைக் கொடுத்தபோது, “ஆராய்ச்சி ஆபீஸர் கடைசியில போறாகளா? அந்த இன்வாய்ஸ் கெடைச்சா எனக்கும் ஒரு காப்பி அனுப்பு” என்றார். அக்கா ஒரு வாரமாக என்னிடம் ஜாவானியத்தில் மட்டும்தான் பேசுகிறார். நான் தண்ணீர் கேட்டால்கூட இந்தியில் பதில் வருவதில்லை. அறையில் என் சாமான்களைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. கறுப்புப் புள்ளி விழுந்த அந்தத் தட்டை மட்டும் கைப்பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். நேற்று காலை அபுதாபிக்குப் போய், இந்தோனேசியத் தூதரகத்தில் விசாவுக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.